எம்.ஆர்.ஐ.க்குப் போகும் வழியிலேயே தூக்க சிரப் கொடுக்கலாமா?

களியக்காவிளை அம்மா:
மகனுக்கு இரண்டரை வயது. வலிப்பு வந்ததால் திருவனந்தபுரத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், புதன் காலை 9 மணிக்கு. பக்கத்து வீட்டு அக்கா, பேரனுக்கு வாங்கிய தூக்க சிரப் மிச்சம் இருக்கிறது, பாறசாலை தாண்டும்போது கொடுத்தால் போய்ச் சேரும்போது தூங்கிவிடுவான் என்கிறார். கொடுக்கலாமா? வலிப்பு மருந்தை அன்று நிறுத்த வேண்டுமா?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
வேண்டவே வேண்டாம் தங்கச்சி. டிரைக்ளோஃபாஸ் சிரப்பாகத்தான் இருக்கும், அதை எடை பார்த்துத்தான் கொடுப்போம். மயக்கத்தில் வண்டியில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப்பாதை அடைபடும், வெளியே பார்த்தால் தூங்குகிற மாதிரியேதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் என்றால் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ஆக்சிஜனும் சளி உறிஞ்சும் கருவியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சு குறைந்தால் சமாளிக்கத் தெரிந்தவர் கூடவே நிற்பார்.

மருந்து கொடுக்கும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாடு, பசும்பால், பால்பொடி எல்லாம் நிறுத்த வேண்டும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதற்குத்தான் இந்தப் பட்டினி. வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், வழக்கமாகக் கொஞ்சம் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளி, இருமல் இருந்தால் கிளம்பும் முன்பே போன் பண்ணுங்கள், தேதி தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

பாறசாலை அப்பா:
எங்கள் பாப்பாவுக்கு எடுத்தோம். முந்தின இரவு லேட்டாகத் தூங்க வைத்து, விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள். காரில் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் கண் சொருகும், விடாதீர்கள், அங்கே குட்டித் தூக்கம் போட்டால் அப்புறம் சிரப் லேசில் பிடிக்காது. அரைஞாண், காப்பு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். திரும்பும்போது பின்சீட்டில் ஒருவர் அவன் தலையையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும், ஓட்டுகிறவரால் அது முடியாது. எங்கள் பிள்ளை சாயங்காலம் வரை தள்ளாடினாள்.

களியக்காவிளை அம்மா:
மயக்க மருந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். சிடி எடுத்தால் போதாதா?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
சிடி சில நொடியில் முடியும், ஆனால் கதிர்வீச்சு உண்டு, வலிப்புக்குக் காரணம் தேட எம்.ஆர்.ஐ. அளவுக்கு உதவாது. எம்.ஆர்.ஐ.யில் அந்தச் சத்தத்துக்குள் அரை மணிக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும், இந்த வயதில் முடிகிற காரியமா? அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் எச்சரித்தது 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பதைப் பற்றி. ஒரு தடவை, கொஞ்ச நேரம் என்றால் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு என்றும் அதிலேயே இருக்கிறது.

களியக்காவிளை அம்மா:
சரி அக்கா. நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, இப்போதே போன் பண்ணிக் கேட்கிறேன்.