கதவு திறந்த நேரத்துக்கு என்ன ஆதாரம் காட்டலாம்?

வணக்கம். பிராங்ஃபர்ட் – சென்னை நேரடி விமானம் தாமதமாக வந்ததற்கு, விமானப் பயணிகள் உரிமைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி இழப்பீடு கேட்டிருக்கிறோம். 3500 கி.மீ.க்கு மேல் என்பதால் 600 யூரோ. ஆனால் தாமதம் 3 மணிக்கு மேல், 4 மணிக்குள் என்றால் பாதியாக்கி 300 கொடுக்கலாம். சிக்கலே அங்கேதான்.

சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 3 மணி 52 நிமிடம். வாயிலுக்கு வந்து, கதவு திறந்தபோது 4 மணி 5 நிமிடம். நிறுவனம் முதல் நேரத்தைப் பிடித்துக்கொண்டு 300 தான் என்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே, ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க முடிகிற நேரம்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. முதலில் 'இயந்திரக் கோளாறு, அசாதாரணச் சூழல், அதனால் இழப்பீடே இல்லை' என்று தட்டிக்கழித்தார்கள். அது வழக்கமான சாக்கு, இயந்திரக் கோளாறு பொதுவாக அசாதாரணச் சூழல் ஆகாது என்ற அதே நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் கதவு நேரம் வருவதில்லை. கையில் இருப்பது போர்டிங் பாஸும், இறங்கும்போது எடுத்த, நேரம் பதிந்த ஒரு படமும்தான்.

இதை வைத்து ஜெர்மனியின் இலவச சமரச அமைப்புக்குப் போனவர்கள் உண்டா? படம் போதுமா, சக பயணி எழுதித் தரும் சாட்சியும் வேண்டுமா? இழப்பீடு வாங்கித் தரும் முகவர்கள் வேண்டாம், கமிஷன் அதிகம்.