கனமான கரிவளி மண்ணுக்குள்ளிருந்து எப்படி மேலே வருகிறது?

பகாவ் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பகாவ் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். தோட்ட எல்லையை ஒட்டிய காட்டுத் தரையில் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதனுள் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) அளக்கும் சிறு கருவியை வைத்து, அளவு எவ்வளவு விரைவாக உயர்கிறது என்று மாணவர்களோடு குறித்து வருகிறேன். மழையில்லாத நாள்களில் அளவு சீராக ஏறுகிறது. கனமழை பெய்து ஓய்ந்த மாலையிலோ ஏற்றம் மிகவும் மந்தமாகிவிடுகிறது. கரிவளி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது என்றால், அது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடாதா என்று மாணவர்கள் கேட்கின்றனர். ஈரம் கூடினால் நுண்ணுயிர்கள் கூடுதலாகத்தானே இயங்க வேண்டும், பிறகு மழைக்குப்பின் ஏன் குறைகிறது என்பது என் ஐயம்.

மண்ணியல் மாணவன்:
வணக்கம் ஆசிரியை. இங்கே எடை பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. வெளிக்காற்றில் கரிவளி 0.04 விழுக்காடு அளவுக்கே உள்ளது. காட்டு மண்ணின் துளைகளிலோ அது ஒரு விழுக்காட்டையும் தாண்டக்கூடும். மண்காற்றில் 2 விழுக்காடு கரிவளி இருந்தாலும், அந்தக் காற்று வெளிக்காற்றைவிட ஒரு விழுக்காடு அளவே கனத்திருக்கும். செறிவிலோ ஐம்பது மடங்கு வேறுபாடு. ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுகின்றன; இந்த விதியை அடால்ஃப் ஃபிக் 1855-இல் வகுத்தார். மண்ணில் கரிவளி மேலேறுவது பெரும்பாலும் இந்தப் பரவலால்தான். காற்றழுத்த மாற்றமும் தரையை உரசிச் செல்லும் காற்றும் அதற்குச் சிறிது துணை செய்கின்றன.

மழைக்குப்பின் நீங்கள் காண்பது உற்பத்திக் குறைவு என்று நான் கருதவில்லை. பாதைதான் அடைபடுகிறது. நீரில் கரிவளி பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஆகவே மேல்மண்ணின் துளைகள் நீரால் நிரம்பியதும், அடியில் வேர்களும் நுண்ணுயிர்களும் தொடர்ந்து வெளிவிடும் வாயு அங்கேயே சேர்ந்து, அங்குள்ள செறிவு உயர்கிறது. நீர் வடிந்து துளைகள் திறக்கும்போது, தேங்கியதும் புதிதாக உண்டாவதும் சேர்ந்து வெளியேறும். எனவே மழை நாளோடு நிறுத்தாமல், அதற்கடுத்த சில நாள்களிலும் அளந்து பாருங்கள். நுண்ணுயிர் பற்றிய உங்கள் எதிர்பார்ப்பும் சரியானதே: நீண்ட வறட்சிக்குப்பின் பெய்யும் முதல் மழையில் கரிவளி திடீரென மிகுவதை 1958-இல் பர்ச் என்னும் ஆய்வாளர் விளக்கினார். ஏற்கெனவே ஈரமாயிருக்கும் மண்ணில் அந்த விளைவை எதிர்பார்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்):
தம்பி சொல்வது மண்ணின் நுண்துளைகளுக்குப் பொருந்தும். ஆனால் எடை ஒரு பொருட்டே இல்லை என்று மாணவர்கள் எண்ணிக்கொண்டு, தோட்டத்துப் பாழுங்கிணற்றிலோ ஆழமான குழியிலோ இறங்கிவிடக் கூடாது. அசைவற்ற காற்றுள்ள பள்ளத்தில் கரிவளி செறிந்து, உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்து, இறங்கியவர் மயங்கி விழக்கூடும். உள்ளே இறக்கிப் பார்த்த விளக்கு அணையாமல் எரிகிறது என்பது பாதுகாப்புக்கு உறுதி ஆகாது. இது நிற்க, எனக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்த வாயு முழுவதும் உதிர்ந்த இலைகள் மக்குவதால் வருவதுதானே?

காட்டுப்பணியாளர்:
முழுவதும் அன்று, ஐயா. காடுகளில் ஏறத்தாழப் பாதியை, உயிருள்ள வேர்களும் அவற்றை ஒட்டி வாழும் பூஞ்சைகளுமே வெளிவிடுகின்றன. இதற்கு நல்ல சான்று சுவீடனில் கிடைத்தது. அங்கு ஒரு பைன் காட்டில் மரங்களின் பட்டையை வளையமாகச் சுற்றி அகற்றி, இலைகளில் உண்டாகும் சர்க்கரை வேருக்கு இறங்காதபடி செய்தனர். ஓரிரு மாதங்களில் மண்ணிலிருந்து வெளியேறும் கரிவளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த முடிவுகள் 2001-இல் வெளியாயின. அதாவது, இன்று இலை செய்யும் உணவின் ஒரு பகுதி சில நாள்களிலேயே மண்வழியாகக் காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. நம் பால்மரச் (ரப்பர் மரச்) சீவலை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: சீவும்போது பட்டை மரத்தைச் சுற்றி முழுமையாக அகற்றப்படுவதில்லை, திறமையானவர் கத்தி கட்டை வரை போவதுமில்லை.

மீதிப் பாதியில் நம் நாட்டுக் காடுகளில் கறையானுக்கும் பங்குண்டு. உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லாத பாசோ காப்புக்காட்டில் 1970-களிலேயே கறையான்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்; புற்றுக்குள் பூஞ்சை வளர்த்து உண்ணும் இனங்கள் உதிர்ந்த இலைகளை அள்ளிச் செல்வதால், வாயு தரையெங்கும் ஒரே சீராக வெளிவருவதில்லை. வாளியைப் புற்றுக்கு அருகில் வைத்தால் முற்றிலும் வேறு எண் கிடைக்கும்.

பகாவ் ஆசிரியை:
அனைவருக்கும் மிக்க நன்றி. மழைநீரோடு கரைந்து கீழே போகும் கரிவளி எங்கே செல்கிறது?

மண்ணியல் மாணவன்:
நிலத்தடி நீரோடு நகர்ந்து ஓடையில் வெளிப்படுகிறது. நம் வட்டாரக் காட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையதாதலால், கரைந்த வாயு பைகார்பனேட்டாக மாறாமல் பெருமளவு வாயுவாகவே நீரில் இருக்கும்; ஊற்று வெளிப்படும் இடத்தை அடுத்த சிறிது தொலைவுக்குள் அதில் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும். ஓடையை அளக்க விரும்பினால், மிதக்கக்கூடிய கலத்தை ஊற்றுக்கு அருகிலும் சற்றுக் கீழேயும் வைத்து ஒப்பிடுங்கள். தரையில் அளக்கும்போது, வாளியின் விளிம்பை ஒவ்வொரு முறையும் மண்ணில் அழுத்தாமல், ஒரு பிளாஸ்டிக் குழாய் வளையத்தை முன்பே பதித்துவைத்து அதன்மேல் கவிழ்ப்பது நல்லது. இல்லையென்றால் அறுபடும் வேர்களும் கலையும் மண்ணும் அளவைக் கெடுத்துவிடும்.