டிஏபி உரத்திலிருந்து டைசோடியம் பாஸ்பேட்: படிகத்தில் அம்மோனியா நெடி ஏன்?

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவன்):
டைசோடியம் பாஸ்பேட் செய்ய, உரக்கடையில் வாங்கிய 18-46-0 (நூற்றுக்குத் தழைச்சத்து 18, மணிச்சத்து 46, சாம்பல் சத்து 0) டிஏபி, அதாவது டை அம்மோனியம் பாஸ்பேட், 132 கிராமை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டினேன். துணியில் சாம்பல் நிறச் சேறு நிறையத் தங்கியது. பழுப்புக் கரைசலில் நீரற்ற சலவைச் சோடா 106 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். நுரைத்துப் பொங்கியது, அம்மோனியா கண்ணைக் கரித்தது. நுரை அடங்கியதும் இறக்கி, மூடாமல் வைத்துவிட்டேன். அழகான படிகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கரண்டியில் சூடாக்கினால் மீண்டும் அம்மோனியா நெடி வருகிறது. கடைசியில் கண்ணாடித் துளிபோல் உருகி நிற்கிறது. டைசோடியம் பாஸ்பேட் இப்படியா நடந்துகொள்ளும்?

பதில் (வேதியியல் ஆசிரியை):
இல்லை தம்பி. உங்களிடம் இருப்பது சோடியம் அம்மோனியம் பாஸ்பேட். மைக்ரோகாஸ்மிக் உப்பு என்பார்கள். முற்காலத்தில் சிறுநீரைக் காய்ச்சியே இதை எடுத்தார்கள். சூட்டில் அம்மோனியாவும் நீரும் வெளியேறிவிட, சோடியம் மெட்டாபாஸ்பேட் கண்ணாடியாக மிஞ்சுகிறது. அந்தத் துளியில் கோபால்ட் உப்பைத் துளியளவு தொட்டுச் சூடாக்கிப் பாருங்கள், நீல மணி கிடைக்கும். தூக்கி எறியாமல் கொஞ்சம் எடுத்து வையுங்கள், ஆய்வகத்தில் உதவும்.

நுரை அடங்கியது கரியமில வாயு போனதற்குத்தான் அடையாளம். அம்மோனியா முழுவதும் போகவில்லை. படிகங்களைத் தாய்க்கரைசலோடு (படிகம் போக மிஞ்சிய நீரோடு) சேர்த்து மீண்டும் கரைத்து, திறந்த வெளியில், நெடி அறவே நிற்கும்வரை கொதிக்க விடுங்கள். நீர் வற்றினால் ஊற்றிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரம் போதும். அலுமினியம் வேண்டாம், சூடான சோடா அதை அரித்துவிடும்.

சோடா அளவும் கூடுதல். சுத்தமான டிஏபி என்றால் மூட்டையில் ஏறக்குறைய 21-53-0 என்று இருக்க வேண்டும். 18-46-0 என்றால் நூற்றுக்கு 85 பங்குதான் தேறும். மிச்சம் இரும்பு, அலுமினிய பாஸ்பேட்டுகள் போன்றவை. நீங்கள் பார்த்த சேறு அதுதான். 132 கிராம் உரத்துக்குச் சோடா 90 கிராம் போதும்.

பதில் (உர வியாபாரி):
சேறே வேண்டாமென்றால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 12-61-0 வாங்குங்கள். அது மோனோ அம்மோனியம் பாஸ்பேட், கிட்டத்தட்ட சுத்தம், வெள்ளையாகவே இருக்கும். ஆனால் சோடா கணக்கை மாற்ற வேண்டும்: 115 கிராமுக்கு 106 கிராம்.

கேட்டவர்:
நன்றி அம்மா, ஐயா. நெடி நிற்கும்வரை காய்ச்சினேன். இப்போது படிகமே வரவில்லை!

பதில் (ஆசிரியை):
மதுரை வெயிலில் வராது. 20 டிகிரியில் 100 மில்லி நீரில் இந்த உப்பு, நீரற்ற கணக்கில், 8 கிராம் அளவுக்கே கரையும். 40 டிகிரியிலோ 50 கிராமைத் தாண்டும். இன்னொரு முறை வடிகட்டி, பெயர் எழுதி ஒட்டி, உணவுப் பொருள்கள் இல்லாத குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு படிகத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். 12 நீர் மூலக்கூறுகள் கொண்ட இந்த உப்பு 35 டிகிரி வாக்கில் தன் நீரிலேயே உருகும். நெடி இல்லாமல் உருகினால் சரியான பொருள்.

கேட்டவர்:
கட்டி கட்டியாக வந்திருக்கிறது, கையில் உருகவும் செய்தது! தட்டில் விட்டவை மேலே வெள்ளைப் பொடியாகின்றன. நீர் போய்விடுகிறது என்று புரிகிறது. இனி ஒன்று: டிஏபியில் கந்தக அமிலம் ஊற்றினால் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கலாமா?

பதில் (ஓய்வுபெற்ற உரத் தொழிற்சாலைப் பணியாளர்):
அமிலம் உண்டாகும், பிரிக்கத்தான் முடியாது. கூடவே உண்டாகும் அம்மோனியம் சல்பேட்டும் நீரிலேயே கரைந்து நிற்கும். ஆலையில் பாறைப் பாஸ்பேட்டைப் பயன்படுத்துவதே கால்சியம் ஜிப்சமாகக் கீழே இறங்கிவிடும் என்பதால்தான். பாறையில் அமிலம் ஊற்றும்போது ஃபுளோரின் சேர்ந்த வாயுக்களும் கிளம்பும். வீட்டில் அதைத் தொடவே கூடாது.

சிறிய அளவில் பார்க்க வேண்டுமானால் கால்சியம் பாஸ்பேட் உள்ள சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வடித்த நீரில் ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுங்கள். கால்சியம் ஆக்சலேட் வெள்ளையாகப் படியும். மேலே நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிற்கும். புதிதாக வெண்மை உண்டாகாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு, கையுறை அவசியம். கிடைப்பது துருப்பிடித்த ஆணியைத் தேய்க்க உதவும். வாயில் படும் எதற்கும் ஆகாது.