பல்லாங்குழிக்கு 56 முத்தா, 70 முத்தா? குண்டுமணி போடலாமோ?

கடற்கரைக்காற்று (வெள்ளவத்தை):
மடிக்கிற மரப் பல்லாங்குழி ஒண்டு கிடைச்சிருக்கு, முத்து இல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆக்கள் குழிக்கு 4 என்கினம், எங்கட ஆக்கள் 5 என்கினம். எது சரி? அவையளைப் போலக் குண்டுமணி போடலாமோ? வீட்டில 3 வயசுப் பிள்ளை இருக்கு.

ஏழுகுழி:
இரண்டும் சரி, ஆனால் வேற வேற ஆட்டம். சித்திரைப் புத்தாண்டுக்கு அவையள் ஆடுற ஒலிந்த கெலியவுக்குக் குழிக்கு 4, மொத்தம் 56. எங்கட பசு ஆட்டத்துக்கு 5, மொத்தம் 70. குழியில 4 சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் உடனே அள்ள வேணும். 4இல தொடங்கினால் 14 குழியும் முதலே பசுவா நிற்கும், ஆட்டமே குழம்பும். ஐந்தாவது முத்து விழுந்திட்டால் பசு போச்சு; எதிராளி போடும்போதும் உங்கட குழியில கண் இருக்கட்டும்.

கைமுத்து முடிஞ்சதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கோ. அது வெறுங்குழி எண்டால் துடைச்சிட்டு, அதுக்கு அடுத்ததில இருக்கிறதை எடுங்கோ. சில வீடுகளில எதிர்க்குழியும் சேரும், அதைத் தொடங்க முதலே பேசி வையுங்கோ. அடுத்தடுத்து இரண்டு வெறுங்குழி வந்தால் ஒண்டும் இல்லை, முறை மாறும்.

புளியங்கொட்டை:
குண்டுமணி வேண்டவே வேண்டாம். ஒலிந்த எண்டாலே குண்டுமணிதான், அதுக்குள்ள அப்ரின் எண்ட கொடிய நஞ்சு இருக்கு. தோல் முழுசா இருக்கும்வரை அடங்கியிருக்கும். கடிச்சால், வெடிச்சால், மாலை கோர்க்கத் துளைச்சால் வெளியில வரும். மஞ்சாடி பார்க்க வடிவு, ஆனால் வழுவழுப்பு, ஆழமில்லாத குழியில இருந்து தெறிக்கும்.

புளியங்கொட்டைதான் கைக்கு இசைவு. கொட்டை எடுக்காத பழப்புளி அரைக் கிலோவில தாராளமாகக் கிடைக்கும். ஊறவைச்சுச் சதை ஒட்டாமல் கழுவி, 3 நாள் நல்ல வெயிலில காயவிடுங்கோ. சதை மிஞ்சினால் கொழும்புப் புழுக்கத்தில பூஞ்சணம் பிடிக்கும். வறுக்காதேங்கோ, தோல் கழரும். துளை விழுந்த கொட்டையை எறிஞ்சுபோடுங்கோ, வண்டு மற்றதுக்கும் பரவும். ஒரே அளவில 80 தெரிஞ்செடுத்தால் 10 கையிருப்பு. சின்னப் பிள்ளைக்கு எந்தக் கொட்டையும் தொண்டையில சிக்கும், அதால ஆடி முடிய 70ஐயும் எண்ணி மூடிப் போத்தலுக்குள்ள போட்டு வையுங்கோ.

கடற்கரைக்காற்று:
நன்றி. முதல் ஆட்டம் முடிய ஒருவரிட்ட 27 முத்துத்தான் எண்டால்?

ஏழுகுழி:
அடுத்த ஆட்டத்துக்கு அவரிட்ட 5 குழி நிரம்பும், 2 முத்து மிஞ்சும். மற்ற 2 குழியிலும் ஈர்க்குத் துண்டு வைச்சு மூடுங்கோ. இரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் போட வேணும். எதிராளியிட்ட 43, அதில 35ஐ நிரப்பி 8ஐக் கையில வைச்சிருப்பார்.