பழைய யன்னலை மூடியாகப் போட்டு கோல்ட் ஃப்ரேம் (குளிரில் நாற்றைக் காக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி) அடிக்கப் போகிறேன், பலகையும் உயரமும் சொல்லுங்கள்

ஸ்காபரோ_வளவு

எல்லோருக்கும் வணக்கம். அக்கா வீட்டில் யன்னல் மாற்றியபோது கழற்றிய இரண்டு மரச்சட்ட யன்னல்கள் எங்கள் கராஜில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 3 அடி நீளம், இரண்டரை அடி அகலம், கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. அதை மூடியாக வைத்துப் பின்வளவில் ஒரு மரப்பெட்டி அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

போன வருடம் வீட்டுக்குள் போட்ட கத்தரி நாற்று வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டுவிட்டது. மே மாதம் வரும் விக்டோரியா டே லீவோடு கொண்டுபோய் நட்டேன், அந்தக் கிழமை அடித்த காற்றுக்குத் தண்டு மடிந்து, 18 கன்றில் 4 தான் மிஞ்சியது. பெப்ரவரியிலிருந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுகள், மனம் சரியாகக் கஷ்டப்பட்டது. அதனால்தான் இந்த வருடம் பெட்டி செய்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பழைய டெக்கை (வீட்டோடு சேர்ந்த மரமேடையை) பிரித்துவிட்டார், பலகையை எடுத்துக்கொள் என்கிறார். அதைப் பாவிக்கலாமா? முன்பக்கம் பின்பக்கம் எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்? வளவின் தெற்குப் பக்கம் 6 அடி வேலி, அதை ஒட்டி வைத்தால் காற்றுக்கு மறைப்பு என்று நினைக்கிறேன். அப்புறம், மார்ச் கடைசியிலேயே கத்தரி, மிளகாய், வெண்டி எல்லாவற்றையும் இதற்குள் வைக்கலாமா? அம்மா ஊரிலிருந்து வந்து நிற்கிறார், அவருக்கு ஒரு பிடி கீரையாவது கெதியாகக் காட்ட வேண்டும்.

உளியும்_வாளும்

தம்பி, முதலில் அந்த டெக் பலகையைத் தொட வேண்டாம். டெக் எந்த வருடம் கட்டியது என்று அவரிடம் கேளுங்கள். 2003 முடியும்வரை இங்கே கனடாவில் வீட்டுப் பாவனைக்கு வந்த பச்சை நிறப் பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருந்தார்கள். அது பழசாகப் பழசாக மண்ணில் இறங்கும். சாப்பிடுகிற கீரைக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம், வாளால் அறுக்கும்போது பறக்கிற தூளும் கூடாது. யன்னல் சட்டத்திலும் பழைய பெயின்ட் உரிந்து நின்றால் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உரஞ்ச வேண்டாம். அக்கா வீடு எவ்வளவு பழசு என்று பாருங்கள், 60களில் கட்டிய வீடு என்றால் நான் அந்தச் சட்டத்தை விட்டுவிட்டு 6 மில்லிமீற்றர் இரட்டைச் சுவர் பொலிகார்பனேட் (ஒளி புகும் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு) வாங்குவேன். பாரமும் இல்லை, பிள்ளைகள் பந்து அடித்தாலும் உடையாது.

பலகை புதிதாக வாங்குவது பெரிய செலவில்லை. சீடர் என்றால் நீண்ட காலம் நிற்கும், விலை கூட. சாதாரண ஸ்ப்ரூஸும் போதும், மண்ணில் படுகிற விளிம்பு சில வருடத்தில் உக்கும், அப்போது அந்த ஒரு பலகையை மாற்றலாம். இரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பலகை 10 அடியில் ஒன்று, 6 அடியில் ஒன்று, இரண்டுக்கு ஆறு பலகை 8 அடியில் ஒன்று, அவ்வளவுதான். 10 அடியைப் பாதியாக வெட்டினால் முன்னுக்கு 5 அடி, பின்னுக்கு 5 அடி. பின்பக்கத்துக்கு மேல் இரண்டுக்கு ஆறிலிருந்து 5 அடித் துண்டு ஏறும். பெயரில்தான் பன்னிரண்டும் ஆறும், உண்மையில் 11¼, 5½ அங்குலம்தான் இருக்கும். ஆக முன்பக்கம் 11, பின்பக்கம் 17 அங்குல மட்டில் வரும், அந்தச் சரிவு தாராளம். மிச்சமுள்ள இரண்டுக்கு ஆறு துண்டை மூலைக்கு மூலை சாய்வாக அறுங்கள். ஒரே வெட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஆப்பு கிடைத்துவிடும்.

6 அடிப் பலகை இரண்டு பக்கத்துக்கும். அதை 33 அங்குலத்துக்கு வெட்டத்தான் கை போகும், 32 போடுங்கள், ஆப்பும் அதே நீளம்தான். சரிவில் மூடி கொஞ்சம் கூட நீளம் கேட்கும், 33 வைத்தால் கண்ணாடி முன்விளிம்பைத் தொடாமல் நின்று மழைத்தண்ணீர் உள்ளே வடியும். 32 என்றால் அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் வெளியே சொட்டும். மூலைக்கு உட்பக்கம் இரண்டுக்கு இரண்டு கட்டை வைத்து 3 அங்குல டெக் ஸ்க்ரூ, முதலில் துளை போட்டுக்கொண்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் ஆப்பின் மெல்லிய முனை பிளந்துவிடும்.

மார்க்கம்_கீரைப்பாத்தி

அண்ணா பெட்டியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் பெட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். குளிருக்காகத்தான் இந்தப் பெட்டியைச் செய்கிறோம், ஆனால் என் கன்றுகளைக் கொன்றது வெயில்தான். மூன்று வருடத்துக்கு முன், ஏப்ரலில் ஒரு நாள், வெளியே 8 பாகை செல்சியஸ், நல்ல நீல வானம். குளிர்தானே என்று மூடியைத் திறக்காமல் வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க ஆவி, உள்ளே ஒரு தட்டு லெட்யூஸும் இரண்டு தட்டு தக்காளியும் ஆவியில் அவித்து எடுத்த மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தக்காளித் தண்டைத் தொட்டால் விரலில் பச்சைத் தண்ணீர்.

அதனால் பெட்டிக்குள் நிழல்படுகிற இடத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள், 20ஐத் தாண்டினால் மூடிக்கு ஒரு கட்டை கொடுத்துத் தூக்கி விடுங்கள், பின்னேரம் வெயில் இறங்குமுன் மூடிவிடுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால் மெழுகு உருளை வைத்த தானியங்கித் திறப்பான் விற்கிறார்கள். சூட்டில் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும், கரண்ட் தேவையில்லை. ஆனால் பலவும் 7 கிலோ மட்டில்தான் தூக்கும், உங்கள் கண்ணாடி யன்னலை நிறுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அம்மா நிற்கிறார் என்றால் அவரே திறந்து மூடுவார், அதைவிட நல்ல கருவி இல்லை.

மார்ச் கடைசியில் கத்தரி, மிளகாய் வைக்கவே கூடாது. இந்தப் பெட்டி இரவில் வெளியைவிடச் சில பாகைதான் கூட வைத்திருக்கும். வெளியே மைனஸ் 8 என்றால் கத்தரி போய்விடும். வெண்டி இன்னும் மோசம், மண்ணே 20 பாகைக்குக் கிட்ட வராமல் அது அசையாது. அவற்றை வீட்டுக்குள்ளேயே விளக்குக்குக் கீழே வளர்த்து, மே நடுவில் ஒரு பத்து நாள் பெட்டிக்குள் வைத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குங்கள், முதல் நாள் இரண்டு மணித்தியாலம், அப்புறம் கூட்டிக்கொண்டு போகலாம். போன வருடம் உங்கள் தண்டு மடிந்ததற்குக் காரணம் இந்தப் பத்து நாள் இல்லாததுதான். மார்ச் கடைசியில் பெட்டிக்குள் ஸ்பினாச், முள்ளங்கி, லெட்யூஸ், கடுகுக்கீரை விதையுங்கள். நான் கொத்தமல்லியும் போடுவேன், மெல்ல முளைக்கும், ஆனால் குளிரைத் தாங்கும்.

ஒட்டாவா_குளிர்

வேலி விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தெற்கு வேலியை ஒட்டி வைத்தால் பெட்டி நாள் முழுக்க நிழலில்தான் கிடக்கும். ரொறன்ரோவில் மார்ச் கடைசியில் 6 அடி வேலியின் உச்சி நேர நிழலே 5 அடி மட்டில் வரும். டிசம்பர் கடைசியில் அது 14 அடி. வளவின் வடக்குப் பக்கம், வீட்டுச் சுவரை முதுகாக வைத்து, சரிவு தெற்கே பார்க்கிற மாதிரிப் போடுங்கள். செங்கல் சுவர் என்றால் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொஞ்சம் திருப்பித் தரும். கூரையிலிருந்து ஸ்நோ சரிந்து விழுகிற இடமா என்று மட்டும் பாருங்கள், கண்ணாடி தாங்காது.

குளிர்காலத்துக்கும் பாவிக்கலாம், ஆனால் அப்போது அது வளர்க்கிற பெட்டி இல்லை, வைத்திருக்கிற பெட்டி. நவம்பர் இரண்டாம் கிழமையிலிருந்து பெப்ரவரி தொடக்கம்வரை பகல் 10 மணித்தியாலமே இல்லை, செடி கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் விதைத்து, குளிர் இறுகுமுன் வளர்ந்துவிட்டால் டிசம்பரிலும் பிடுங்கலாம். காலையில் ஸ்பினாச் இலை கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும், தொட்டால் முறியும், செத்துவிட்டது என்று பிடுங்கி எறிய வேண்டாம். பத்து, பதினொரு மணி வெயிலுக்கு அதே இலை நிமிர்ந்துவிடும். பிறகுதான் வெட்ட வேண்டும். அந்த இலையின் இனிப்பு கோடையில் கிடைக்காது. கடுங்குளிர் இரவுகளில் கண்ணாடிக்கு மேல் ஒரு பழைய போர்வையை விரித்துக் கல் வையுங்கள்.

ஸ்காபரோ_வளவு

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மிக்க நன்றி. டெக் 90களில் கட்டியதாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா வீடு 1958, சட்டத்தில் பெயின்ட் செதிள் செதிளாக நிற்கிறது, அதனால் பொலிகார்பனேட்தான் போடப் போகிறேன். வேலி நிழலை இன்று ஒரு மணிக்குப் போய் அளந்தேன், நீங்கள் சொன்னது சரி, நான் நினைத்த இடம் முழுக்க நிழல். சமையலறைச் சுவரோரம் மாற்றிவிட்டேன், அம்மாவுக்கு யன்னலால் பார்த்தாலே தெரியும். மூடி பாரமில்லை என்றால் காற்று தூக்கிக்கொண்டு போகாதா?

உளியும்_வாளும்

போகும். பின்னுக்கு இரண்டு பிணைச்சல், முன்னுக்கு இரண்டு கொக்கி, பக்கத்தில் ஒரு அடி நீளச் சங்கிலி, திறந்து வைக்கும்போது அந்தச் சங்கிலிதான் மூடியைப் பிடிக்கும். பெட்டியையும் நாலு அங்குலம் மண்ணில் இறக்கி, வெளிப்பக்கம் மண் அணைத்து விடுங்கள், அடியால் குளிர்காற்று வராது. நிலம் இளகினதும் தொடங்குங்கள்.