பாட்டியின் முகம் வெளிறிப்போகிறது: எண்ணெய் வண்ணத்தில் மாநிறத்தைக் கொண்டுவருவது எப்படி?

செந்தூல்வாசி:
வணக்கம். மறைந்த என் பாட்டியின் உருவப்படத்தை ஒரு பழைய வண்ணப் புகைப்படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வருகிறேன். கண்களும் மூக்கும் ஓரளவு அமைந்துவிட்டன. ஆனால் நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி விழும் இடங்கள் திருநீறு பூசியதைப் போலச் சாம்பலாகிவிடுகின்றன. பழுப்போடு டைட்டானியம் வெள்ளையைக் கலந்துதான் ஒளியைக் கூட்டுகிறேன். அடிப்பூச்சும் ஒரு வாரமாகப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பினாங்குத் தூரிகை:
வெள்ளைதான் காரணம். டைட்டானியம் வெள்ளை, தான் சேரும் வண்ணத்தை வெளிறச் செய்வதோடு அதன் வெதுவெதுப்பையும் பறித்துவிடும். ஒளிப்பகுதிக்குப் பர்ன்ட் சியன்னாவோடு (செம்பழுப்பு) யெல்லோ ஓக்கரையும் (மண் மஞ்சள்) சிறிது கேட்மியம் சிவப்பையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் வெள்ளையைக் கத்தி முனையளவு தொடுங்கள். மாநிறத் தோலில் மினுங்குவது தோலின் நிறமன்று, அதில் பட்டுத் தெறிக்கும் சன்னல் வெளிச்சம். ஆகவே நீலம் சாயும் வெண்மை மூக்கு நுனிக்குப் பொருந்தும், கன்னம் முழுவதற்கும் பொருந்தாது. நிழலுக்குக் கறுப்பைத் தவிர்த்து, பர்ன்ட் அம்பரையும் (அடர்பழுப்பு) அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்துகொள்ளுங்கள்.

கோலாலம்பூர்க் கிழவன்:
கறுப்பைத் தவிர்க்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் வண்ணத் தட்டில் இருப்பவையே யெல்லோ ஓக்கர், சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய நான்குதான். அதில் ஓக்கரும் கறுப்பும் சேர்ந்து தரும் மங்கிய பச்சை, தாடைக்கு அடியில் விழும் நிழலுக்கு மிக இசைவாக இருக்கும்.

பிசுபிசுப்புக்கு வருவோம். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம்போல ஆவியாகி உலர்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில், அதுவும் மூடிய அறையில், அது இன்னும் தாமதமாகும். அடிப்பூச்சை டர்பன்டைனில் இளக்கி மெல்லிதாகப் பூசுங்கள், ஆளிவிதை எண்ணெயை மேல் பூச்சுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முறை மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். அம்பரில் உள்ள மாங்கனீசு உலர்வை விரைவுபடுத்துவதால் அடிப்பூச்சுக்கு அதுவே நல்லது. படத்தை அலமாரியில் மட்டும் பூட்டாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

செந்தூல்வாசி:
இருவருக்கும் நன்றி. ஐயா, அடிப்பூச்சில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியது நான்தான். அதைச் சுரண்டிவிட்டு, இடது கன்னத்தை மட்டும் வெள்ளையின்றித் தீட்டிப் பார்த்தேன். பாட்டியின் நிறம் தெரிகிறது. வெள்ளையை இப்போது அவருடைய மூக்குத்திக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.