ஒகேனக்கல் மீனை உயிரோடு தருமபுரி கொண்டுவர முடியவில்லை, உதவுங்கள்

ஒகேனக்கல்லில் பரிசல்காரர்களிடம் நேரடியாக வாங்கும் கெண்டை மீன், தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு உயிரோடு வந்து சேர்வதில்லை. மூன்று ஞாயிறாக இப்படித்தான். அம்மாவுக்குத் துள்ளும் மீனில் வைத்த குழம்புதான் பிடிக்கும், ஐஸ் மீனைத் தொடவே மாட்டார்.

சுமார் 46 கி.மீ., பைக்கில் ஒன்றேகால் மணி நேரம். முதல் வாரம் ஈரச்சாக்கில் சுற்றினேன். அப்புறம் 20 லிட்டர் வாளியில் பாதி ஆற்றுத் தண்ணீர், கிலோ அளவில் இரண்டு மீன். போன வாரம் அதே வாளியில் பேட்டரி காற்று மோட்டாரும் வைத்தேன். பென்னாகரம் தாண்டும்போதே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, இண்டூர் வருவதற்குள் மல்லாந்துவிடுகிறது. விரால் மட்டும் தாங்கியது, அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன். ஆனால் எப்போதும் கிடைப்பதில்லை.

கெண்டையை இவ்வளவு தூரம் உயிரோடு கொண்டுவந்தவர்கள், எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மீன் போட்டீர்கள்?